மருந்துக்கு அடங்காத களைகள்: ஒரு வரலாறு

ஜூன் மாதத்தில் வைகை அணையில் போதிய நீர் இருந்தால் பேரணையிலிருந்து பெரியாறு பிரதானக் கால்வாய் திறக்கப்படும். கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கர் இருபோக நிலத்தில் நெல் விவசாயம் தொடங்கும். 1895-ஆம் ஆண்டு பென்னிகுவிக் கட்டிமுடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர்தான் இந்த வயல்களுக்கு உயிர். ஆனால் தண்ணீர் வந்தவுடன் நெல் மட்டும் முளைப்பதில்லை. மண்ணுக்குள் காத்துக்கிடந்த குதிரைவாலிப் புல், வட்டக்கோரை, ஊசிக்கோரை, ஆரைக்கீரை எல்லாம் சேர்ந்தே முளைக்கின்றன. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசியும் என்பது பழைய பேச்சு. விவசாயியின் கவலையும் அதுவேதான்.

வாடிப்பட்டி, சோழவந்தான், மேலூர் பக்கங்களில் தலைமுறை தலைமுறையாகக் களையெடுத்தவர்கள் பெண்கள். இன்று அந்த வேலையில் பெரும்பகுதியைக் களைக்கொல்லி செய்கிறது. களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை என்பதால் விவசாயி மருந்தை நம்பியிருக்கிறார். ஒருநாள் அந்த மருந்தும் வேலை செய்யாமல் போனால் என்ன ஆகும்? இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. உலகின் பல நாடுகளிலும், இந்தியாவிலேயே அரியானாவிலும் பஞ்சாபிலும் இது நடந்திருக்கிறது. நமக்குப் பக்கத்து மாநிலமான கேரளத்திலும் நடந்திருக்கிறது.

கையை ஏமாற்றிய புல்

களைகள் மனிதனுக்கு அடங்காமல் போனது மருந்து வந்த பிறகுதான் என்று நினைப்பது தவறு. அதற்கு வெகுகாலம் முன்பே அவை மனிதனின் கண்ணை ஏமாற்றக் கற்றுக்கொண்டன.

குதிரைவாலிப் புல்லின் இனத்துக்கு எகினோகுளோவா என்று பெயர். மானாவாரி நிலத்தில் நாம் பயிரிடும் குதிரைவாலி என்ற சிறுதானியமும் இதே இனம்தான். மேட்டு நிலத்தில் உணவாக இருக்கும் செடியின் சொந்தக்காரன் நஞ்சையில் எதிரியாக இருக்கிறான். இளம் பருவத்தில் நெல்லையும் இந்தப் புல்லையும் பிரித்தறிவது கடினம். இலையும் தண்டும் சேரும் இடத்தில் நெல்லுக்குச் சிறு நாக்கு போன்ற சவ்வு இருக்கும், புல்லுக்கு அது இருக்காது. பழகிய கை மட்டுமே அதை விரைவில் கண்டுபிடிக்கும்.

கிழக்காசிய நெல்வயல்களில் இந்தப் புல்லின் ஒரு வகை இன்னும் ஒருபடி மேலே போய்விட்டது. தரையில் படர்வதற்குப் பதிலாக நெல்லைப் போலவே நிமிர்ந்து நிற்கிறது. தண்டின் அடியில் இருந்த சிவப்பு நிறமும் மறைந்துவிட்டது. நூற்றாண்டுகளாக, நெல்லைப் போலத் தெரியாத புல்லை எல்லாம் விவசாயிகள் பிடுங்கி எறிந்தார்கள். நெல்லைப் போலத் தெரிந்தவை தப்பி விதை போட்டன. நெல் என்று நினைத்து நாற்றோடு சேர்த்து நடப்பட்டவையும் உண்டு. சீன ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, யாங்சி ஆற்றுச் சமவெளியில் இந்த மாற்றம் ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டது.

இதில் முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது. எந்தப் புல்லும் நெல்லைப் பார்த்துத் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளவில்லை. உருவத்தில் சிறு சிறு வேறுபாடுகள் முன்பே இருந்தன. களையெடுத்தவரின் கை அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. பின்னாளில் களைக்கொல்லியும் இதே வேலையைத்தான் செய்தது. கைக்கு ஆயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன. மருந்துக்குப் பத்து ஆண்டுகளே போதுமானதாக இருந்தது.

முதல் எச்சரிக்கை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 2,4-டி என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. போர் முடிந்ததும் அது சந்தைக்கு வந்தது. அகன்ற இலைச் செடிகளைக் கொன்று, புல்லினப் பயிர்களை விட்டுவிடும் மருந்து என்பதால் விவசாயிகள் வியந்து வரவேற்றார்கள்.

பூச்சிகள் டி.டி.டி.க்கு அடங்காமல் போவது அப்போதே தெரிந்திருந்தது. களைகளுக்கும் இதே கதி நேரலாம் என்று ஜான் ஹார்ப்பர் என்ற பிரிட்டிஷ் தாவர அறிஞர் 1956-இல் எச்சரித்தார். மறு ஆண்டே, 1957-இல், ஹவாய் தீவின் கரும்புத் தோட்டங்களில் 2,4-டிக்கு அசையாத ஒரு செடி பதிவானது. அது நம் ஊர்க் கானாவாழையின் உறவுச்செடி. அதே ஆண்டு கனடாவில் காட்டுக் கேரட்டும் அப்படிப் பதிவானது. ஆனால் அவற்றைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது 1968-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நாற்றுப் பண்ணையில் சுமார் 10 ஆண்டுகள் தொடர்ந்து சிமசின், அட்ரசின் மருந்துகளையே பயன்படுத்தினார்கள். அங்கே கிரவுண்ட்செல் என்ற சாதாரணக் களை சாகவில்லை. அளவைக் கூட்டியும் பயனில்லை. 1970-இல் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. களைக்கொல்லி எதிர்ப்புத்திறன் பற்றிய தனி ஆராய்ச்சித் துறையே அதன் பிறகுதான் வளர்ந்தது.

பூட்டு மாறிய கதை

அந்தக் களைகள் ஏன் சாகவில்லை? விடை கிடைக்க 1983 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இலையின் பசுங்கணிகத்துக்குள் டி1 என்ற புரதம் இருக்கிறது. ஒளிச்சேர்க்கையின்போது எலக்ட்ரான்களைக் கடத்திவிடுவதில் அதற்குப் பங்கு உண்டு. அட்ரசின் போய் அந்தப் புரதத்தின் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்துகொள்கிறது. எலக்ட்ரான் ஓட்டம் நிற்கிறது. வெயில்பட்ட இலை கருகிச் செடி சாகிறது. பூட்டுக்குள் தவறான சாவி மாட்டிக்கொண்டதைப் போன்றது இது.

எதிர்ப்புத்திறன் கொண்ட முள்ளில்லாக் கீரையினச் செடி ஒன்றை ஆராய்ந்தபோது, அந்தப் புரதத்தின் 264-ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் கிளைசின் இருந்தது. நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. அதனால் சாவி பூட்டுக்குள் போகவில்லை. இந்த மரபணு பசுங்கணிகத்தில் இருப்பதால் தாய்ச்செடி வழியாக மட்டுமே சந்ததிக்குப் போகும், மகரந்தம் வழியாகப் பரவாது. பூட்டு மாறியதால் எலக்ட்ரான் ஓட்டமும் சற்று மந்தமாகியது. மருந்து அடிக்காத இடத்தில் இத்தகைய செடி மற்றச் செடிகளோடு போட்டியிட்டு வெல்வது கடினம். மருந்து இருக்கும் வரைதான் அதற்கு ராஜ்யம்.

அரியானாவில் தீவனமான கோதுமை

மேல்நாட்டுச் செய்தியாக இருந்த இது 1990களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தது.

பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமை அரியானாவிலும் பஞ்சாபிலும் பரவியபோது, பலாரிஸ் மைனர் என்ற புல்லும் கூடவே பெருகியது. உள்ளூர் மக்கள் அதைக் குல்லி டண்டா என்றும் மண்டூசி என்றும் அழைத்தார்கள். அதுவும் இளம் பருவத்தில் கோதுமையைப் போலவே இருக்கும். 1970களின் இறுதியில் வந்த ஐசோபுரோட்டூரான் என்ற மருந்து அதை அடக்கியது. விலையும் குறைவு. நெல், கோதுமை, மீண்டும் நெல், கோதுமை என்று மாறாத சுழற்சியில் 10, 15 ஆண்டுகள் அதே மருந்தை அடித்தார்கள்.

பிறகு புல் சாகவில்லை. மருந்து கலப்படம் என்று சிலரும், அடித்த முறை சரியில்லை என்று சிலரும் சொன்னார்கள். ஹிசார் நகரிலுள்ள அரியானா வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மாலிக், சிங் ஆகிய இரு விஞ்ஞானிகள் வெவ்வேறு ஊர்களின் விதைகளைச் சேகரித்துச் சோதித்தார்கள். குறை மருந்தில் இல்லை, புல்லே மாறிவிட்டது என்று தெரிந்தது. 1993-லும் 1995-லும் அவர்களின் முடிவுகள் வெளிவந்தன. அந்த ஆண்டுகளில் களை மிகுந்த வயல்களில் விவசாயிகள் கதிர் முற்றுவதற்கு முன்பே கோதுமையை அறுத்து மாட்டுக்குத் தீவனமாகப் போட்டார்கள்.

இங்கே பூட்டு மாறவில்லை என்பதுதான் வியப்பு. ஐசோபுரோட்டூரானும் அட்ரசின் உட்காரும் அதே டி1 புரதத்தில்தான் வேலை செய்கிறது. அரியானாப் புல்லில் அந்தப் புரதம் பழையபடியே இருந்தது. ஆனால் மருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் செடி அதைச் சிதைத்துவிட்டது. சைட்டோகுரோம் பி-450 என்ற நொதிகள் இந்த வேலையைச் செய்கின்றன. கோதுமைப் பயிர் இதே மருந்தில் சாகாமல் தப்புவதற்கும் இதே வகை நொதிகள்தான் காரணம். அதாவது, பயிர் எந்த வித்தையால் பிழைத்ததோ அதே வித்தை களையின் கைக்கும் வந்துவிட்டது.

நெல்லிலும் இது நடந்தது. புரோபனில் என்ற மருந்தை நெல் தாங்குவதற்குக் காரணம், அதனிடம் அந்த மருந்தை உடைக்கும் ஒரு நொதி நிறைய இருப்பது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில நெல்வயல்களில் எதிர்ப்புத்திறன் பெற்ற குதிரைவாலிப் புல்லிலும் அதே வகை நொதி மிகுந்திருந்தது. இலங்கையிலும் புரோபனிலுக்கு அடங்காத இந்தப் புல் பற்றிய ஆய்வு 2002-இல் வெளியானது.

இதைப் பூட்டு மாறும் எதிர்ப்பை விட ஆபத்தானது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். பூட்டு மாறினால் அந்தப் பூட்டுக்கான மருந்துகள் மட்டுமே தோற்கும். மருந்தைச் செரிக்கக் கற்ற செடி, அது இதுவரை பார்த்தே இராத மருந்தையும் செரித்துவிடக்கூடும். அரியானாவில் 1990களின் இறுதியில் குளோடினோபாப், சல்போசல்பியூரான் போன்ற புதிய மருந்துகள் பரிந்துரைக்கப்பட்டன. 2000களின் நடுப்பகுதிக்குள் அவற்றுக்கும் அடங்காத புல் தோன்றிவிட்டது.

மதுரை வயலுக்கு வந்த மருந்து

இனி மதுரைக்குத் திரும்பலாம். ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரி 1965-இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971-இல் உருவானது. நட்ட 3-ஆம் நாள் பியூட்டாகுளோர் போன்ற களைக்கொல்லியை எக்டேருக்கு 50 கிலோ உலர்ந்த மணலில் கலந்து தூவ வேண்டும், பிறகு 30, 35 நாளில் ஒரு கைக்களை எடுக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் பழைய பரிந்துரை. மருந்தும் கையும் சேர்ந்த முறை அது. மருந்துக்குத் தப்பிய செடியைக் கை பிடுங்கிவிடும்.

கூலி உயர்ந்து, ஆட்கள் வேறு வேலைகளுக்குப் போனபோது இரண்டாவது பாதியான கைக்களைதான் முதலில் நின்றது. தண்ணீர் தாமதமாக வரும் கடைமடைப் பகுதிகளில் நாற்று விடாமல் நேரடியாக விதைக்கும் வழக்கமும் கூடியது. நேரடி விதைப்பில் நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கும். நடவு வயலில் நாற்றுக்குக் கிடைக்கும் சில வார முன்னிலை இங்கே இல்லை. ஆகவே முளைத்த களையைக் கொல்லும் மருந்துக்குத் தேவை பெருகியது. அந்த இடத்தை பிஸ்பைரிபாக் சோடியம் பிடித்தது. வயலில் நீரை வடித்துவிட்டு, எக்டேருக்கு வெறும் 25 கிராம் வீரியப் பொருள் அடித்தால் புல், கோரை, அகன்ற இலைக் களை எல்லாம் வாடிவிடும்.

இந்த மருந்து தாக்குவது ஏ.எல்.எஸ். என்ற நொதியை. வேலின், லூசின், ஐசோலூசின் ஆகிய மூன்று அமினோ அமிலங்களைச் செடி தயாரிக்க இந்த நொதி வேண்டும். அது நின்றால் செடியால் புதிய புரதம் கட்ட முடியாது. குருத்து மஞ்சளித்து, சில வாரங்களில் செடி மடியும். மனிதனுக்கும் மாட்டுக்கும் இந்த நொதியே கிடையாது. நாம் இந்த அமினோ அமிலங்களை உணவிலிருந்தே பெறுகிறோம்.

ஆனால் இந்த நொதிக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் பல இடங்களில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலும் மருந்து ஒட்டாது, நொதியின் வேலையோ பெரிதாகக் கெடாது. இந்த மரபணு செல்லின் உட்கருவில் இருப்பதால் மகரந்தம் வழியாகவும் பரவும். ஒரு பிரதி மாறியிருந்தாலே செடி பிழைத்துக்கொள்ளும். இந்த வகையின் முதல் மருந்து 1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1987-லேயே ஐடஹோ மாநிலத்தில் அதற்கு அடங்காத களை கிடைத்தது. வெறும் ஐந்து ஆண்டுகள்!

இந்தியாவில், சத்தீஸ்கர், கேரள நெல்வயல்களின் வட்டக்கோரை பிஸ்பைரிபாக்குக்கு அடங்கவில்லை என்ற ஆய்வு 2021-இல் வெளியானது. இந்திய நெல்வயலில் இவ்வகை எதிர்ப்புக்கு அதுவே முதல் பதிவு. மதுரை வயல்களில் முளைப்பதும் அதே வட்டக்கோரை, இங்கே அடிப்பதும் அதே மருந்து.

ஒரு சிறு கணக்கு

எதிர்ப்புத்திறன் ஏன் திடீரென்று வந்ததுபோல் தோன்றுகிறது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் 1 லட்சம் களைச்செடிகள் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 25 செடிகள்தான். பத்து லட்சத்தில் ஒன்று பிறவியிலேயே மருந்தைத் தாங்கும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் 10 ஏக்கருக்கு ஒரே ஒரு செடி. அது 1,000 விதை போட்டு, அதில் 100 மட்டும் முளைத்து வளர்ந்தால் அடுத்த ஆண்டு 100 செடிகள். அதற்கடுத்த ஆண்டு 10,000. நான்காம் ஆண்டு 10 லட்சம், அதாவது 10 ஏக்கரும் முன்பிருந்தபடியே களைக்காடு.

முதல் மூன்று ஆண்டுகள் விவசாயியின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது களை செத்துவிட்டதே என்று திருப்தியாக இருப்பார். நான்காம் ஆண்டு கடைக்காரரிடம் போய் மருந்து சரியில்லை என்று சண்டை போடுவார். உண்மையான வயலில் எண்கள் வேறாக இருக்கும். மண்ணில் உறங்கும் பழைய விதைகள் இந்த ஓட்டத்தைச் சற்றுத் தாமதப்படுத்தும். ஆனால் போக்கு இதுதான். குதிரைவாலிப் புல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே விதை போடுவதால், தப்பிய செடியின் குணம் அப்படியே பிள்ளைகளுக்குப் போய்விடும்.

அளவைக் குறைத்து அடிப்பதும் ஆபத்தே. ஆஸ்திரேலியாவில் ரைகிராஸ் புல்லுக்குக் குறைந்த அளவு மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்துச் சோதித்தார்கள். மூன்றே தலைமுறையில் அது முழு அளவையும் தாங்கும் நிலைக்கு வந்துவிட்டது.

நெல்லுக்கே கொடுத்த மாற்றம்

களைக்குத் தானாக வந்த மாற்றத்தை மனிதன் நெல்லுக்கும் கொண்டுவந்தான். நாகினா 22 என்ற பழைய நெல் ரகத்தின் விதைகளை வேதிப்பொருளால் மாற்றம் பெறச் செய்து, இமாசெத்தபிர் என்ற ஏ.எல்.எஸ். மருந்தைத் தாங்கும் செடி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைக் கண்டெடுத்தவர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் விஞ்ஞானி ராபின். அந்தச் செடிக்கு அவர் பெயரே நிலைத்தது. அதன் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய பூசா பாசுமதி 1979, 1985 ஆகிய ரகங்களை டெல்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2021-இல் வெளியிட்டது.

நேரடி விதைப்புக்கு இது நல்ல உதவி. ஆனால் அமெரிக்காவில் இதே வகையான நெல் 2002-இல் வந்தபோது, சில ஆண்டுகளிலேயே அந்தக் குணம் மகரந்தம் வழியாகக் களைநெல்லுக்குப் போய்விட்டது. கருவி எவ்வளவு கூர்மையானதானாலும் அதையே தினமும் பயன்படுத்தினால் மழுங்கும்.

அரியானா சொல்லும் வழி

அரியானாவின் கதை தோல்வியோடு முடியவில்லை. கோதுமைக்குப் பதில் இடையிடையே கரும்பு, சூரியகாந்தி, காய்கறி போட்ட வயல்களில் எதிர்ப்புத்திறன் குறைவாகவே இருந்தது. உழாமல் விதைக்கும் முறை 1990களின் இறுதியில் பரவியபோது, கிளறப்படாத மண்ணில் களை விதைகள் குறைவாக முளைத்தன. கோதுமையும் முன்கூட்டியே விதைக்கப்பட்டு முந்திக்கொண்டது. மருந்தால் முடியாததைச் சாகுபடி முறை பாதியளவாவது செய்தது.

மதுரைச் சமவெளிக்கும் வழிகள் உண்டு. இரண்டாம் போகத்துக்குப் பின் உளுந்து போட்டால் களையின் பழக்கம் கெடும். முதல் தண்ணீரில் களையை முளைக்கவிட்டு உழுது மடக்கிய பின் நெல் போடலாம். வரிசை நடவு செய்தால் கோனோவீடர் ஓட்டலாம். மருந்து மாற்றும்போது டப்பாவின் பெயரை அல்ல, மருந்தின் வகையை மாற்ற வேண்டும். பிஸ்பைரிபாக்கை விட்டுப் பைரசோசல்பியூரானுக்குப் போவது மாற்றமே அல்ல, இரண்டும் தாக்குவது ஒரே நொதியை. எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்துக்குத் தப்பி நிற்கும் அந்த நான்கைந்து செடிகள் விதை போடும் முன் பிடுங்கப்பட வேண்டும். மேலே போட்ட கணக்கில் முதல் ஆண்டு நிற்பது ஒரே ஒரு செடி. அந்த ஆண்டு அதைப் பிடுங்க ஒரு கை போதும். நான்காம் ஆண்டு ஊரே இறங்கினாலும் போதாது.

தேவையில்லை என்று வயலை விட்டு அனுப்பப்பட்ட கை அது. நெல்லின் சிறு நாக்கைப் பார்த்துப் புல்லைப் பிரித்தறியும் கண்ணும் அதனோடு சேர்ந்தே போய்விட்டது. மருந்து நெடுநாள் வேலை செய்ய வேண்டுமானால், அந்தக் கையும் கண்ணும் ஆண்டுக்கு ஒருமுறையாவது வயலுக்குத் திரும்ப வேண்டும்.